அரிய காசு, அதிக விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயக் கண்காட்சியில், கல்யாண வீட்டுப் பந்தியில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே போனாலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். சங்ககாலக் காசு, சோழர் காசு எல்லாம் தனி உலகம், அதற்குள் இங்கே போகவில்லை. இயந்திரத்தில் லட்சக்கணக்கில் அடித்து, நம் கைகளில் புழங்கிய காசுகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

எங்க வீட்டுல வைஷ்ணோ தேவி காசு ஒண்ணு இருக்கு. பத்து லட்சம் வரும்னு யூடியூப்ல சொல்றாங்களே, நிஜமா சார்?

வராது. மாதா வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012-ல் 5 ரூபாயும் 10 ரூபாயும் அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். எந்த நாணய வியாபாரியிடம் போனாலும் குவியலாகக் கிடைக்கும். நல்ல நிலையில் இருந்தால் முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இந்திய வரைபடமும் கொடியும் போட்ட தேசிய ஒருமைப்பாடு 2 ரூபாய்க் காசுக்கும் இதே பதில்தான். 1982-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் அடித்த காசு அது.

அப்போ லட்சக்கணக்குல போன காசுன்னு எதுவுமே கிடையாதா? எல்லாம் புரளியா?

புரளி இல்லை. போன காசுகள் உண்டு, அவற்றுக்கு ஏலப் பதிவும் உண்டு. அமெரிக்காவின் 1943-ம் ஆண்டு ஒரு சென்ட் காசை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில எங்கோ இயந்திரத்தில் சிக்கிக் கிடந்து, எஃகுத் தகடுகளோடு சேர்ந்து அச்சுக்குப் போய்விட்டன. அப்படி அடிபட்ட வெண்கலச் சென்ட்டுகள் மிகச் சிலவே இன்று தெரிய வந்துள்ளன. டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஒன்று 2010-ல் 17 லட்சம் டாலருக்கு விற்றது. இன்னொன்றை 1947-ல் ஒரு பள்ளிச் சிறுவன் உணவகத்தில் மீதிச் சில்லறையாக வாங்கி, வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். அவர் காலமான பிறகு 2019-ல் அது 2,04,000 டாலருக்குப் போனது.

சமீபத்திய உதாரணம் வேண்டுமென்றால் 1975-ம் ஆண்டின் 10 சென்ட். சான் பிரான்சிஸ்கோவில் சேகரிப்பாளர்களுக்காக மெருகோடு அடித்த 'புரூஃப்' காசில் 'எஸ்' என்ற குறி இருக்க வேண்டும். அது விட்டுப்போன காசு இரண்டே இரண்டுதான் தெரிய வந்திருக்கிறது. அதில் ஒன்று 2024 அக்டோபரில் 5 லட்சம் டாலருக்கு மேல் விற்றது.

இவை இரண்டையும் வைஷ்ணோ தேவி காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் காசுகள் ஏன் மாறிப் போயின என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எத்தனை இருக்கின்றன என்று ஒரு கணக்கு இருக்கிறது. அசல்தான் என்று சோதித்துச் சொல்லவும் ஆள் இருக்கிறது. யூடியூப் காசுகளுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

வெரைட்டி, எரர் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. விலை பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியம். காசின் மேல் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சைத்தான் 'டை' என்கிறோம். அந்த அச்சிலேயே ஒரு மாற்றம் இருந்தால், அது அடிக்கிற எல்லாக் காசிலும் அதே மாற்றம் வரும். அது வெரைட்டி. அச்சு சரியாக இருந்து, ஒரு காசு மட்டும் அடிபடும்போது நகர்ந்தோ, பாதி வெட்டுண்ட தகட்டில் விழுந்தோ கெட்டுப்போனால் அது எரர். நாணயச்சாலையை விட்டு வந்த பிறகு ரயில் தண்டவாளத்தில் வைத்தது, சுத்தியலால் தட்டியது, அமிலத்தில் போட்டது எல்லாம் வெறும் சேதம். என்னிடம் கொண்டுவருபவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை.

வெரைட்டி என்றாலே விலை என்றும் எண்ண வேண்டாம். 1964-ல் நேரு மறைவுக்குப் பின் வந்த 50 பைசாவில் அவர் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது ஒன்று, இந்தியில் உள்ளது ஒன்று என இரண்டு வகை உண்டு. இரண்டும் வெரைட்டிதான், இரண்டும் சல்லிசாகவே கிடைக்கும்.

என் காசுல எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. டபுள் டைன்னு சொல்றாங்களே, அதானா இது?

பெரும்பாலும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில்தான் உண்மையான பணம் ஒளிந்திருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அச்சு எப்படிச் செய்யப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். புடைப்பாக உருவம் செதுக்கிய ஒரு மூல எஃகுத் துண்டை, வெறும் எஃகுத் துண்டின் மேல் பலமாக அழுத்துவார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. எடுத்து, சூடேற்றி இளக்கி, மறுபடி வைத்து அழுத்த வேண்டும். இரண்டாவது முறை வைக்கும்போது மயிரிழை திரும்பிவிட்டாலும் அச்சில் எழுத்துகள் இரட்டையாகிவிடும். அதுதான் டபுள் டை. 1955-ல் பிலடெல்பியாவில் இப்படி ஒரு அச்சு தப்பி, சென்ட்டில் ஆண்டும் எழுத்தும் கண்ணாடி இல்லாமலே இரட்டையாகத் தெரிகிற மாதிரி வந்துவிட்டது. கண்டுபிடிப்பதற்குள் அவை மற்ற காசுகளோடு கலந்துவிட்டன. ஏறக்குறைய 20,000-க்கு மேல் வெளியே போயிருக்கும் என்பது கணக்கு. அந்நாளில் சிகரெட் விற்கும் இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் மீதிச் சில்லறையைப் பாக்கெட்டின் உறைக்குள்ளேயே வைத்துத் தருவார்கள். அந்தச் சில்லறையாகப் பல காசுகள் மக்கள் கைக்கு வந்தன. தேய்ந்த காசுக்குக்கூட இன்று ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள்.

1969-எஸ் சென்ட்டிலும் இதே மாதிரி நடந்தது. அது இன்னும் அரிது. அதே சமயத்தில் போலி இரட்டைக் காசு அடித்த ஒரு கும்பலும் பிடிபட்டதால், அசல் காசுகளில் சிலவற்றையும் போலி என்று அதிகாரிகள் முதலில் பறிமுதல் செய்துவிட்டார்கள். 2008-ல் நல்ல தரமுள்ள ஒன்று 1,26,500 டாலருக்கு விற்றது.

இனி உங்கள் காசு. அச்சு இயந்திரத்தில் லேசாகத் தளர்ந்திருந்தால், அடித்த கையோடு அது காசின் மேல் சிறிது உராயும். அப்போது எழுத்தின் ஓரம் நசுங்கி, தட்டையான படி மாதிரி ஒரு நிழல் வரும். பார்ப்பதற்கு இரட்டை மாதிரியே இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். உண்மையான டபுள் டையில் இரண்டாவது உருவமும் உருண்டு திரண்டு, எழுத்தின் முனைகள் பிளவுபட்டுத் தெரியும். எழுத்தும் சற்றுத் தடித்திருக்கும். தட்டையான படி தெரிந்தால் அது இயந்திர உராய்வு, எழுத்து மெலிந்திருக்கும். அதற்கு எந்த விலையும் கிடையாது. நம்மூர் ஸ்டீல் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயில் இது சர்வசாதாரணம்.

வருஷத்துக்குக் கீழ புள்ளி, நட்சத்திரம், டைமண்ட்னு இருக்கே, அது என்ன?

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கான குறி. வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றும் இல்லை என்றால் கொல்கத்தா. ஹைதராபாத் குறி மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பிளந்த வைரம், புள்ளி வைத்த வைரம் எல்லாம் அங்கே போட்டிருக்கிறார்கள்.

ஒரே ஆண்டில் ஒரு நாணயச்சாலை கோடிக்கணக்கில் அடிக்கும்போது இன்னொன்று சொற்பமாக அடித்திருக்கலாம். அந்தச் சொற்பக் காசைத்தான் வரிசைப்படி சேர்ப்பவர்கள் தேடுவார்கள். ஆகவே 'எந்த ஆண்டு' என்று மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள். ஆண்டு, குறி இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

1985 ஒரு ரூபாய்ல எச் போட்டிருக்கு. ஃபாரின்ல அடிச்சதாமே, அப்போ ரேர் தானே?

வெளிநாட்டில் அடித்தது உண்மை. அரிது என்பது தவறு. அந்த ஆண்டு சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இந்திய அரசு பிரிட்டனில் காசு அடித்து வாங்கியது. எச் என்பது பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் நாணயச்சாலையின் குறி. 1990-களின் பிற்பகுதியிலும் கொரியா, தென்னாப்பிரிக்கா, ஸ்லோவாக்கியா, ரஷ்யா என்று பல நாடுகளில் அடித்தார்கள். 1999-ன் மாஸ்கோ 5 ரூபாய்க் காசு இன்றும் சில்லறையில் தட்டுப்படுவதுண்டு.

தட்டுப்பாட்டுக்காக ஆர்டர் கொடுப்பவர்கள் கொஞ்சமாகவா கொடுப்பார்கள்? கோடிக்கணக்கில் வந்திறங்கிய காசுகள் இவை. சேர்த்து வைக்கச் சுவையானவை, விற்று வீடு கட்ட உதவாது.

காசைத் திருப்பினா பின்பக்கம் சாய்ஞ்சு இருக்கு. இதுக்கு என்ன விலை?

இதை டை ரொட்டேஷன் என்பார்கள். இந்தியக் காசைப் புத்தகத் தாள் மாதிரிப் பக்கவாட்டில் திருப்பினால் பூவும் தலையும் இரண்டுமே நிமிர்ந்து நிற்க வேண்டும். அச்சு இயந்திரத்தில் சுழன்றுவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கொஞ்சம் சாய்ந்திருப்பது மிகச் சாதாரணம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முழுத் தலைகீழாக இருந்தால் நூற்றுக்கணக்கில் ஏதாவது கிடைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் காசுகள் பிறப்பிலேயே தலைகீழ்தான். மேலிருந்து கீழாகத் திருப்ப வேண்டும் என்பது அங்கே விதி. மருமகன் கொண்டுவந்த கால் டாலரை எரர் என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருந்த ஒரு பெரியவரை ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

திருவள்ளுவர் காசு, தஞ்சாவூர் பெரிய கோயில் காசு, அண்ணா காசு இதெல்லாம் வெச்சிருக்கேன். இதுக்காவது வருமா தம்பி?

இவை மூன்றும் நினைவுக் காசுகள், வெரைட்டியும் இல்லை எரரும் இல்லை. 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு காசுகள் வந்தன. அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல் வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். பார்க்கவே அழகு. புழங்கித் தேய்ந்தவை சில பத்து ரூபாய் பெறும். பளபளப்புக் குறையாதவை அதைவிட நன்றாகவே போகும். தமிழ்நாட்டில் இவற்றுக்குக் கிராக்கி எப்போதும் உண்டு என்பதால் விற்பது சுலபம்.

பெரிய கோயில் காசில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆயிரமாவது ஆண்டையொட்டி 5 ரூபாய்க் காசு புழக்கத்துக்கு வந்தது. கூடவே இந்தியாவின் முதல் 1000 ரூபாய்க் காசும் வந்தது. அது 35 கிராம் எடை, ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. இந்த ஆயிரம் ரூபாய்க் காசு புழக்கத்துக்கானதல்ல, முன்பதிவு செய்தவர்களுக்கு நாணயச்சாலை நேரடியாக விற்றது. செய்தியில் 'பெரிய கோயில் காசு பல ஆயிரம்' என்று வந்தால் அது இதைப் பற்றித்தான். உங்களிடம் இருப்பது 5 ரூபாய்.

குறைவா அடிச்சிருந்தா விலை ஏறும், சரிதானே?

பாதி சரி. எத்தனை பேருக்கு அது வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. 2007-ல் மொனாக்கோ, தன் இளவரசியாக இருந்த நடிகை கிரேஸ் கெல்லி நினைவாக 2 யூரோ அடித்தது, மொத்தம் 20,001 காசு. ஐரோப்பா முழுக்க 2 யூரோ நினைவுக் காசுகளை வரிசையாகச் சேர்ப்பவர்கள் ஏராளம். அந்த வரிசையில் எல்லோருக்கும் இடிக்கிற காலி இடம் இதுதான். அதனால் ஆயிரம் யூரோவைத் தாண்டிவிட்டது. பிரிட்டனில் லண்டனின் கியூ கார்டன்ஸ் தாவரவியல் பூங்காவுக்காக 2009-ல் வந்த 50 பென்ஸ் 2,10,000 அடிக்கப்பட்டது. கிரேஸ் கெல்லியைவிடப் பத்து மடங்கு அதிகம். ஆனாலும் சில்லறையில் தேடுபவர்கள் அதிகம் என்பதால் முகமதிப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் போகிறது.

நம் பக்கத்து உதாரணம் 1911-ம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகப் பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 94 லட்சம் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சம் வெளியே போயிருந்தது, மீதியை நிறுத்தி உருக்கினார்கள். 1912-ல் யானையைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று உலகமெங்கும் பெயர் வாங்கிய வெரைட்டி. இவ்வளவு கதை இருந்தும் சுமாரான நிலையில் உள்ளதைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். வெளியே போன 7 லட்சத்தில் போதுமான அளவு பிழைத்துக் கிடக்கிறது.

ஒரே காசு, ஒரே வருஷம். ஒருத்தர் நூறு ரூபாய்ங்கறார், இன்னொருத்தர் பத்தாயிரம்ங்கறார். எப்படி?

தரம்தான் காரணம். ஷெல்டன் என்பவர் 1949-ல் கொண்டுவந்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 60-ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. 70 என்றால் பெரிதாக்கிப் பார்த்தும் குறை சொல்ல முடியாதது. அமெரிக்காவில் 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் தொடங்கின. காசைச் சோதித்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது இவர்கள் வேலை. எந்தத் தரத்தில் இதுவரை எத்தனை காசு வந்தது என்ற கணக்கையும் வெளியிடுகிறார்கள்.

விபரீதம் அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. 66-ல் ஐநூறு காசு, 67-ல் நாற்பது, 68-ல் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 'உச்சத் தரத்தில் ஒன்றே ஒன்று' என்பதற்காகப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் இருவர் மோதினால், கோடிக்கணக்கில் அடித்த சாதாரணக் காசும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போய்விடும். என் கருத்தைக் கேட்டால், நவீனக் காசில் இது மிக ஆபத்தான வாங்கல். அந்தக் கணக்கு ஏறுமே தவிர இறங்காது. ஒன்று இத்தனை விலைக்குப் போனது என்று தெரிந்ததும் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் தங்கள் காசைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அடுத்த ஆண்டு 68-ல் பத்து இருக்கும். பணம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 1955 டபுள் டை மாதிரி, அச்சிலேயே காரணம் இருக்கிற காசில் போடுவது மேல்.

அப்போ காசை நல்லா புளி போட்டுத் தேய்ச்சுக் கொண்டுவரட்டுமா?

ஐயோ, வேண்டாம். புளி, விபூதி, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அடிக்கும்போது உலோகம் பரவியதால் காசின் மேல்பரப்பில் மிக நுண்ணிய கோடுகள் உண்டாகியிருக்கும். வெளிச்சத்தில் காசைச் சுழற்றினால் சக்கரம் மாதிரி ஒளி சுற்றுவது அவற்றால்தான். ஒரு தடவை தேய்த்தால் அது போய்விடும், திரும்ப வராது. சோதனை நிறுவனங்களும் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, தர எண் கொடுக்காமலே திருப்பிவிடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆன்லைன்ல இதே காசுக்கு ரெண்டு லட்சம் போட்டிருக்காங்களே. பொய் விலையா போடுவாங்க?

யார் வேண்டுமானாலும் எந்த விலையும் போடலாம், தடையே இல்லை. கேட்கிற விலை வேறு, போன விலை வேறு. ஒருவர் விளையாட்டாக இரண்டு லட்சம் என்று போடுவார். அதைப் பார்த்து ஒரு செய்தித் தளம் 'இந்தக் காசு உங்களிடம் இருக்கிறதா?' என்று தலைப்பு வைக்கும். அதைப் பார்த்து நூறு பேர் அதே விலைக்குப் பட்டியல் போடுவார்கள். நூற்றியோராவது ஆளாக நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். ஈபே போன்ற தளங்களில் 'விற்றுமுடிந்தவை' என்று தனியாக வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அங்கே பார்த்த விலையை மட்டும் நம்புங்கள்.

ரிசர்வ் பேங்கே பழைய காசை வாங்குதாம். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் ரெண்டாயிரம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தன் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு, பழைய நோட்டு, காசு விற்றுத்தருகிறோம் என்று கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்றது. தன் சார்பில் இப்படிப் பணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றும் தெளிவாகச் சொன்னது.

இவர்கள் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். உங்கள் காசின் படத்தைப் பார்த்தவுடன் 'ஆஹா' என்பார்கள், பேரமே பேச மாட்டார்கள். உண்மையான வியாபாரி முதலில் உதட்டைப் பிதுக்குவார்! விற்பவர் முன்பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் எங்குமே கிடையாது. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ரெண்டு பக்கமும் தலை இருக்கிற காசு என்கிட்ட இருக்கு. இதுவும் செஞ்சதா இருக்குமா?

ஏறக்குறைய நிச்சயமாக. ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றை மெலிதாக்கி உள்ளே பொருத்திவிடுவார்கள். மேஜிக் செய்பவர்களுக்காகவே இது விற்கிறது. விளிம்பின் உட்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் மெல்லிய வட்டக் கோடு தெரியும். கீழே போட்டால் ஒலியும் மந்தமாக இருக்கும். 10 ரூபாய்க் காசின் நடுவட்டைத் தட்டி எடுத்துத் திருப்பி மாட்டுவது, இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில் வைத்து நசுக்கி ஒன்றின் தடத்தை இன்னொன்றில் பதிப்பது, இவையும் உண்டு.

முன்பு சொன்ன 1943 சென்ட்டில் போலிகள் ஏராளம். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவார்கள். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், குட்டு வெளிப்பட்டுவிடும். கெட்டிக்காரர்கள் 1948 வெண்கலச் சென்ட்டின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்குவார்கள். காந்தச் சோதனையில் அது தப்பிவிடும். ஆனால் அசல் 1943-ன் 3-க்கு வால் மற்ற இலக்கங்களுக்குக் கீழே நீண்டு இறங்கும். செதுக்கிய 3-க்கு அந்த வால் வராது. எடையையும் பாருங்கள்: எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம்.

நம் காசுகளுக்கும் எடைதான் முதல் சோதனை. 1990-களில் வந்த செம்பு-நிக்கல் 2 ரூபாய் 6 கிராம், பழைய கனமான 5 ரூபாய் 9 கிராம், 1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு போதும்.

நிஜமாவே ஒரு எரர் கிடைச்சா உடனே வித்துடணுமா, வெச்சிருக்கணுமா?

இன்னும் எத்தனை வரும் என்று தெரியாத புதுக் கண்டுபிடிப்பாக இருந்தால், விற்பது நல்லது. 2007-ல் அமெரிக்கா வெளியிட்ட ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு டாலரில் ஆண்டும் வாசகமும் விளிம்பில் இருக்கும். அதைத் தனி இயந்திரத்தில் பின்னர் பதிப்பார்கள். சில தொகுதிகள் அந்த இயந்திரத்துக்கே போகாமல் வெளியேறிவிட்டன. முதலில் கிடைத்தவர்கள் பல நூறு டாலருக்கு விற்றார்கள். பிறகு பல்லாயிரக்கணக்கில் வெளிவர, சில வாரங்களிலேயே ஐம்பது டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

2008-ன் பிரிட்டிஷ் 20 பென்ஸும் இப்படித்தான். வடிவத்தை மாற்றியபோது ஆண்டைப் பூப்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு நகர்த்தினார்கள். புதுப் பூவோடு பழைய தலை அச்சைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டதால், இரண்டு பக்கமும் ஆண்டு இல்லாத காசு பிறந்தது. இப்படிச் சேரக்கூடாத அச்சுகள் சேர்ந்தால் 'மியூல்' என்பார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிட்டனில் ஆண்டில்லாத காசு புழக்கத்துக்கு வந்ததில்லை என்பதால் நாடே பரபரத்தது. ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டார்கள். இன்று நிலவரம் ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவில்.

மாறாக, ஆஸ்திரேலியாவின் 2000-ம் ஆண்டு ஒரு டாலர் மியூல் ஒன்று உண்டு. அதில் 10 சென்ட்டின் தலை அச்சு மாட்டிக்கொண்டது. வெளியானது சில ஆயிரம் மட்டுமே, கண்டுபிடிப்பதற்குள் நிறையத் தேய்ந்தும் போயின. அதனால் தேய்ந்த காசுக்குக்கூட முகமதிப்பைப் போல் பல நூறு மடங்கு கிடைக்கிறது. பரபரப்பு அடங்கிய பிறகும் எத்தனை இருக்கிறது என்று பார்த்துத்தான் இருத்திவைப்பதை முடிவு செய்ய வேண்டும்.

25 பைசா செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே, வெச்சிருந்தா தப்பா? காசை உருக்கினா கேஸ் போடுவாங்களாமே?

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. வைத்திருப்பதில் தவறே இல்லை. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும், கடைக்காரர் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ல் வந்த அந்தச் சட்டப்படி பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, சேகரிப்பு, ஆய்வு என்றால் இருபத்தைந்து வரை.

உருக்குவதும் அழிப்பதும் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இன்னொன்று: நூறு ஆண்டைத் தாண்டிய காசு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்தப் பன்றி ரூபாயை அமெரிக்காவுக்குத் தர எண் வாங்க அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நாணயச்சாலைல இருந்து வெளியவே வராத காசு ஒண்ணு கைக்கு வந்தா, அதுதானே எல்லாத்தையும்விட அதிகம் போகும்?

போகலாம், உங்களிடம் அது தங்கினால். செம்பு விலை ஏறியதால் அமெரிக்காவில் 1974 ஆண்டு போட்டு அலுமினியத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் சென்ட் அடித்துப் பார்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு உருக்கிவிட்டார்கள். டென்வரில் அடித்த ஒன்று, அங்கே அதிகாரியாக இருந்தவரின் மகன் வழியாக 2014-ல் ஏலத்துக்கு வரவிருந்தது. குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் போகும் என்றார்கள். 'அதை நாங்கள் வெளியிடவே இல்லை, ஆகவே அது அரசின் சொத்து' என்று நாணயச்சாலை உரிமை கோரியது. வழக்கு நடந்து, 2016-ல் வைத்திருந்தவர்கள் காசை அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

1933-ம் ஆண்டு 20 டாலர் தங்கக் காசிலும் இதே சிக்கல்தான். தனியார் வைத்திருக்கச் சட்டம் அனுமதித்த ஒரே ஒரு காசு 2021-ல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போய் உலகச் சாதனை படைத்தது. அதே காசு பத்து வைத்திருந்த ஒரு நகை வியாபாரியின் குடும்பத்திடமிருந்து பத்தையும் அரசு எடுத்துக்கொண்டது, நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால் அபூர்வமான காசு ஒன்றை யாராவது நீட்டினால் 'எத்தனை இருக்கு?' என்று கேட்பதோடு 'எப்படி வெளிய வந்துச்சு?' என்றும் கேளுங்கள். வாங்கிய ரசீது, பழைய ஏலப் பட்டியல், தரச் சான்று எதுவும் இல்லாமல் தயங்கினால் விலை பேச வேண்டாம்.